ஏரி எப்போது அணையாகிறது?

சேலம் மாநகராட்சிக்குச் சொந்தமான நீர்நிலை ஒன்று, நகர எல்லைக்கு வெளியே, தெற்கே பனமரத்துப்பட்டியில் இருக்கிறது. 2,137 ஏக்கர் பரப்பு. 1911இல் கட்டப்பட்டது. ஜருகுமலை, போதமலைப் பக்கத்து ஓடைகள் இறங்கிவரும் பள்ளத்தை மறித்து மண்கரை எழுப்பி, நீரைத் தேக்கி, சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் குடிநீர் கொடுத்தார்கள். ஓடையை மறித்து எழுப்பிய எந்தக் கரையும் பொறியாளரின் அகராதியில் அணைதான். ஆனால் நூறு வருடமாக நாம் அதைப் பனமரத்துப்பட்டி ஏரி என்றே சொல்லிவருகிறோம்.

இது வெறும் சொல் விவகாரம் என்று தோன்றலாம். அணை என்று சொன்னால் அதற்கு ஒரு சட்டம், ஒரு பதிவேடு, பருவமழைக்கு முன்னும் பின்னும் ஓர் ஆய்வு என்று வரிசையாகக் கடமைகள் எழுந்து நிற்கின்றன. ஏரி என்று சொன்னால் தூர்வாருதல், கரையில் நடைபாதை போடுதல், படகு விடுதல் ஆகியவை நினைவுக்கு வருகின்றன. ஒரே கரையைப் பார்த்து எழும் இந்த இருவேறு நினைவுகளுக்கு நடுவில்தான் கரைக்குக் கீழே வசிப்பவர்களின் பாதுகாப்பு இருக்கிறது. இந்த இடைவெளி எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிச் சென்று பார்க்கலாம்.

*

ஏரிக்கரையைக் காப்பது என்பது தமிழ்நாட்டில் மிகப் பழைய கவலை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றவை. அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. ஓராண்டுப் பொறுப்பு. கோயிலுக்கும் நிலத்துக்கும் போலவே ஏரிக்கும் பெயர் சொல்லக்கூடிய ஆட்கள் பொறுப்பாக இருந்தார்கள். ஏரி உடைந்தால் யாரைக் கேட்பது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது.

மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் இருக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் செங்கற்பட்டுச் சீமைக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பெருமழை இரவொன்றில் கரை உடையப்போகிறது என்று அஞ்சிப் போய்ப் பார்த்தபோது, வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நின்றதைக் கண்டதாகக் கதை. அவர் நேர்ந்துகொண்டபடி தாயார் சந்நிதியைக் கட்டினாராம். இந்தக் கதையில் நம் கவனத்துக்குரியது தெய்வம் வந்ததல்ல. மழை இரவில் கலெக்டர் கரைக்குப் போனது. அந்த ஏரி தன் பொறுப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கும்பினி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி வந்த அதே 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்தைக் கட்டாயமாக்கிய சட்டமாகவே அது பொதுவாக நினைவுகூரப்படுகிறது. அதன் முதல் நோக்கம் வேறு: வெள்ளத்தால் விளையும் கேட்டைத் தடுப்பது. கரை உடையும் தறுவாயில் அருகிலுள்ளவர்களை வேலைக்கு அழைக்கும் அதிகாரத்தை அது கொடுத்தது. கட்டாய உழைப்பைப் பற்றி நமக்கு இன்று வேறு கருத்துகள் இருக்கலாம். ஆயினும், ஏரிக்கரை என்பது பாசனச் சொத்து மட்டுமல்ல, உடைந்தால் ஆளைக் கொல்லக்கூடியது என்ற அறிவு அந்தச் சட்டத்தில் இருந்தது.

சேலம் ஜில்லாவைக் கடுமையாகத் தாக்கிய 1876-78 பஞ்சத்துக்குப் பின், 1883இல் ஏரி மராமத்துத் திட்டம் தொடங்கியது. வடிநிலம் வடிநிலமாகப் போய், ஒவ்வோர் ஏரியையும் அளந்து, கரை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும், கலிங்கு எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்று குறித்துவைத்தார்கள். கலிங்கு என்று நூல்கள் சொல்வதை இந்தப் பக்கத்தில் கோடி என்கிறோம். ஏரி நிறைந்து வழிவதைக் கோடி போகிறது என்போம். நிரம்பிய நீர் கரைக்குச் சேதமில்லாமல் வெளியேற விட்டிருக்கும் வழி அது. மண்கரைக்கு உயிர்நாடி அதுதான். கருங்கல் அணைமேல் தண்ணீர் வழிந்தால் அணை தாக்குப்பிடிக்கக்கூடும். மண்கரைமேல் வழிந்தால் பின்சரிவை அரித்துக்கொண்டே போய்ச் சில மணி நேரத்தில் கரையைத் தின்றுவிடும்.

கோடி எவ்வளவு அகலமாக இருக்கவேண்டும் என்பதற்கு 1884இல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் தென்னிந்திய ஏரிகளை வைத்து ஒரு சூத்திரம் சொன்னார். நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கைக் கண்டு, ஓர் எண்ணால் பெருக்கினால், உச்ச வெள்ளம் வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று வரும். கடலோரச் சமவெளிக்கு அந்த எண் 6.8, மலையடிவாரத்துச் சிறிய பரப்புகளுக்கு 10. உதாரணமாக 27 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புள்ள ஏரி கடலோரத்தில் இருந்தால் சுமார் 61 கனமீட்டர் வெள்ளத்துக்கும், மலையடிவாரத்தில் இருந்தால் 90 கனமீட்டருக்கும் வழி விடவேண்டும். சேர்வராயன், ஜருகுமலை, போதமலை, கொல்லிமலை என்று நாலா பக்கமும் மலை எழும் சேலம் நாமக்கல் சமவெளியின் ஏரிகள் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. மழை மலையில் பெய்யும். ஏரி அரைநாளில் நிரம்பும்.

*

பனமரத்துப்பட்டி ஏரி இந்த மரபிலிருந்து ஒரு வகையில் விலகியது. அது ஒரு நகரத்தின் தாகத்துக்காகக் கட்டப்பட்டது. சேலம் நகராட்சி 1866இல் ஏற்பட்டது. நெசவும் வண்டிப்பேட்டையும் ரயிலுமாக வளர்ந்த ஊருக்குக் கிணறுகள் போதாமல் போனபோதுதான் மலையடிவாரத்து ஓடைகளைத் தேக்கும் எண்ணம் வந்தது. ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தபோது, அந்த ஏரிக்கு வயது ஆறுதான்.

பாசன ஏரிக்கு ஆயக்கட்டு உண்டு. ஆயக்கட்டுதாரர்கள் உண்டு. மடையைத் திறந்து மூட நீர்கட்டி உண்டு. கரையில் எலிவளை விழுந்தால் முதலில் பார்ப்பவர் கரைக்குக் கீழே வயல் வைத்திருப்பவர். ஏரி உடைந்தால் முதலில் போவது அவர் பயிர். ஆகவே அவர் கண் எப்போதும் கரைமேல் இருக்கும். குடிநீர் ஏரியின் பயனாளி பல மைல் தொலைவில் குழாயைத் திருகுபவர். தண்ணீர் வந்தால் சரி, வராவிட்டால் நகராட்சியைத் திட்டுவார். கரை எப்படி இருக்கிறது என்பது அவர் கண்ணில் படவே படாது. பயன் ஓரிடத்திலும் ஆபத்து வேறோர் இடத்திலும் இருக்கும்போது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை ஒரு கோப்பின் தலையில் விழுகிறது.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பின்னால் காவிரித் தண்ணீர் குழாயில் சேலத்துக்கு வந்தது. பனமரத்துப்பட்டி மெல்ல மெல்லத் தேவையற்றதாயிற்று. வரத்து குறைந்தது. ஏரிக்குள் சீமைக்கருவேலம் காடாக மண்டியது. அதை வெட்டி எடுத்து ஏரியை மீட்கவேண்டும், மறுபடி நீர் நிரப்பவேண்டும், சுற்றுலா இடமாக்கவேண்டும் என்ற பேச்சும் முயற்சியும் நெடுங்காலமாக உண்டு. நியாயமான ஆசைதான். ஆனால் வறண்ட ஏரிக்கு ஒரு மயக்கும் குணம் உண்டு. தண்ணீர் இல்லாத ஏரி உடையாது என்பதால், கரையின் நிலையை யாரும் கேட்பதில்லை. கோடியிலிருந்து போகும் வாய்க்காலில் தண்ணீர் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டால், அது வாய்க்கால் என்பதே மறந்துபோகிறது. கரையில் முளைத்த மரத்தின் வேர் உள்ளே இறங்குகிறது. மரத்தை வெட்டியபின் வேர் மக்கி, கரைக்குள் ஒரு குழாயை விட்டுச்செல்கிறது. இத்தனை வருடம் காத்திருந்த தண்ணீர் திரும்பிவரும் நாளில் அது 1911இன் கரையைச் சந்திக்காது. அதற்குப் பின்னான நூறு வருடப் புறக்கணிப்பையும் சேர்த்தே சந்திக்கும்.

*

சுதந்திர இந்தியா அணைப் பாதுகாப்பைப் பற்றிக் கற்றது பெரும்பாலும் சாவுகளிலிருந்து. 1961 ஜூலை 12இல் புனேக்கு மேலே பான்ஷெட் அணை உடைந்தது. 1979 ஆகஸ்ட் 11இல் குஜராத்தின் மோர்பி நகரத்துக்கு மேலிருந்த மச்சு இரண்டாம் அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

தமிழ்நாட்டுக்கும் ஒரு பாடம் உண்டு, அதிகம் பேசப்படாதது. வேடசந்தூர் அருகே குடகனாற்றின் குறுக்கே புதிதாகக் கட்டப்பட்டிருந்த மண் அணை 1977 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. ஆழமான அஸ்திவாரத்திலிருந்து அளந்தால் 15.75 மீட்டர் உயரம், கொள்ளளவு 12.3 மில்லியன் கனமீட்டர்.  ஐந்து ஷட்டர்கள். வெள்ளம் வந்தபோது ஊழியர்கள் அசட்டையாக இருக்கவில்லை. ஷட்டர்களைத் தூக்கத் தொடங்கினார்கள். பாதியில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள். கையால் சுற்றிப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரையின் தலைக்கு மேலே போய்விட்டது. பல இடங்களில் கரை அறுத்துக்கொண்டு போயிற்று. பின்னர் அந்த அணை திரும்பக் கட்டப்பட்டது.

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகும் சட்டம் வர நாற்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அந்த மாதம் 30ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மாநில உரிமை குறித்து அதன்மேல் தமிழ்நாட்டில் எழுந்த விவாதம் பெரும்பாலும் முல்லைப் பெரியாறு போன்ற பெரிய அணைகளைப் பற்றியது. நமக்கு இங்கே வேண்டியது அதன் முதல் சில பக்கங்களில் இருக்கும் வரையறை.

சட்டம் எல்லா அணைகளையும் தொடுவதில்லை. குறிப்பிட்ட அணை என்று ஒரு வகையைப் பிரிக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமானவை எல்லாம் அதில் சேரும். 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவை, இன்னொரு நிபந்தனையும் நிறைவேறினால் சேரும்: கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும், அல்லது கொள்ளளவு ஒரு மில்லியன் கனமீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும், அல்லது உச்ச வெள்ளம் வினாடிக்கு 2,000 கனமீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும், அல்லது அஸ்திவாரம் மிகச் சிக்கலானதாகவோ வடிவமைப்பு வழக்கத்துக்கு மாறானதாகவோ இருக்கவேண்டும். 10 மீட்டருக்குக் கீழே எதுவும் இல்லை. உயரம் என்பது தரைக்கு மேல் தெரிவது மட்டுமல்ல, அஸ்திவாரத்தின் தாழ்ந்த இடத்திலிருந்து உச்சிவரை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஓர் அணை இந்த வகைக்குள் வந்துவிட்டால், உரிமையாளர் தப்ப முடியாது. உள்ளாட்சி அமைப்பும் உரிமையாளர்தான் என்று சட்டம் சொல்கிறது. அணைப் பாதுகாப்புப் பிரிவு வைக்கவேண்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யவேண்டும். உடைந்தால் யாரை எப்படி வெளியேற்றுவது என்ற அவசரத் திட்டத்தை எழுதிவைக்கவேண்டும். மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பு அதன் ஆபத்தை வகைப்படுத்தவேண்டும். வரவில்லை என்றால், இவற்றில் ஒன்றையும் இந்தச் சட்டம் கேட்காது.

2019ஆம் ஆண்டுத் தேசியப் பதிவேட்டில், கட்டப்பட்டுக்கொண்டிருப்பவற்றையும் சேர்த்து, இந்தியாவின் பெரிய அணைகள் 5,745. தமிழ்நாட்டின் பங்கு நூற்றுச் சொச்சம். தமிழ்நாட்டின் ஏரிகளோ ஏறத்தாழ 39,000. சமவெளி ஏரியின் இயல்பே தாழ்ந்த கரை, நீண்ட கரை, அகன்ற நீர்ப்பரப்பு. உயரத்தை முதல் வாசலாக வைத்த சட்டத்தின் வெளியே அவற்றில் மிகப் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன.

இதில் உள்ள விந்தையைப் பனமரத்துப்பட்டியை வைத்தே ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 2,137 ஏக்கர் என்பது சுமார் 865 ஹெக்டேர். அந்தப் பரப்பு முழுவதும் சராசரியாக ஒரே ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால், சுமார் 86 லட்சம் கனமீட்டர். சட்டம் கேட்கும் ஒரு மில்லியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல். ஆனால் கொள்ளளவு என்ற கேள்வி 10 மீட்டர் உயரத்தைத் தாண்டியவர்களிடம் மட்டுமே கேட்கப்படும். 9 மீட்டர்க் கரைக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் சட்டத்துக்குக் கவலையில்லை.

இந்தியத் தர நிர்ணயம் 1985இல் வேறொரு அளவுகோலை வைத்தது. கொள்ளளவு 10 மில்லியன் கனமீட்டர் வரை இருந்தால் சிறியது. அதன் கோடி நூறாண்டு வெள்ளத்தைத் தாங்கினால் போதும். 10க்கு மேல் 60 வரை நடுத்தரம். இன்னும் பெரிய வெள்ளத்துக்குத் தயாராக இருக்கவேண்டும். நம் கணக்கில் சராசரி ஆழம் ஒரு மீட்டரிலிருந்து 1.2 மீட்டராக ஏறினால், ஏரி சிறியதிலிருந்து நடுத்தரத்துக்குத் தாவிவிடும். தூர்வாரி, கோடியை ஒரு முழம் உயர்த்தி, இன்னும் கொஞ்சம் தேக்கலாமே என்று நினைப்பவர் தம்மை அறியாமல் அணையின் வகையையே மாற்றிவிட முடியும். நூறாண்டு வெள்ளம் என்பதும் நூறு வருடத்துக்கு ஒருமுறை தவணை தவறாமல் வருவதல்ல. எந்த ஒரு வருடத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு. ஐம்பது வருடத்தில் ஒருமுறையாவது வர நூற்றில் நாற்பது வாய்ப்பு.

*

கேளிக்கைக்கான அணையைப் பற்றி உலகம் பெற்ற மிகக் கசப்பான பாடம் அமெரிக்காவில் நடந்தது. பென்சில்வேனியாவில் சவுத் போர்க் என்ற இடத்தில் கால்வாய்ப் போக்குவரத்துக்காக அரசு ஒரு மண் அணையைக் கட்டியது. ரயில் வந்தபின் கால்வாய் பயனற்றுப் போக, அணை கைமாறியது. அடிமதகின் இரும்புக் குழாய்களைப் பிடுங்கி விற்றுவிட்டார்கள். பிறகு செல்வர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று அதை வாங்கி உல்லாச ஏரியாக்கியது. வண்டிகள் போவதற்காகக் கரையின் தலையைச் சற்றுத் தாழ்த்தினார்கள். விட்ட மீன்கள் தப்பாமலிருக்கக் கோடியில் வலை வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் வலையில் குப்பை அடைத்துக்கொண்டது. நீரை வெளியேற்ற அடிமதகும் இல்லை. தண்ணீர் கரைமேல் ஏறியது. பல மைல் கீழேயிருந்த ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் இறந்தனர்.

ஒரு பயனுக்காகக் கட்டப்பட்டது, பயன் முடிந்து கைவிடப்பட்டது, பின்னர் அழகுக்காக மீட்கப்பட்டது: சவுத் போர்க்கின் இந்த வரிசை நமக்குப் பழக்கமானதாக ஒலிக்கிறது. மன்றத்தார் செய்தவை எல்லாம் மிகச் சாதாரணமான காரியங்கள். பாதையை அகலமாக்கினார்கள், மீனைக் காப்பாற்றினார்கள், ஏரியை எப்போதும் நிறைவாக வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஏரியை அழகாக்கியது, அணையைப் பலவீனமாக்கியது.

இன்னொன்று நம் குடகனாறு உடைந்த அதே 1977 நவம்பரில் நடந்தது. அந்த மாதம் 6ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவாவில் கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து, கீழேயிருந்த ஒரு கிறித்தவக் கல்லூரியின் குடியிருப்பில் 39 பேர் மாண்டனர். முன்பு மின்சாரம் எடுத்து, பின்பு வெறும் கேளிக்கை ஏரியாக இருந்தது அது. உயரம் சுமார் 38 அடி, அதாவது 12 மீட்டருக்குள். நீளம் 400 அடி. உடைந்தபோது இருந்த தண்ணீர் எட்டு லட்சம் கனமீட்டருக்கும் குறைவு. நம் சட்டத்தின் உயரம், நீளம், கொள்ளளவு என்ற அளவுகளால் பார்த்தால் அது குறிப்பிட்ட அணையே அல்ல. பனமரத்துப்பட்டிப் பரப்பில் பத்து சென்டிமீட்டர் நின்றால் அவ்வளவு தண்ணீர் வந்துவிடும்.

ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநரான ஜிம்மி கார்ட்டர் அப்போது குடியரசுத் தலைவர். மத்திய அரசுக்குச் சொந்தமல்லாத, ஆபத்து மிகுந்த அணைகளை ஆய்வு செய்ய உத்தரவிட்டார். அங்கே ஆபத்து வகை என்பது அணை நல்ல நிலையில் இருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. உடைந்தால் யார் சாவார்கள் என்பதைச் சொல்வது. கீழே மேய்ச்சல் நிலம் இருந்தால் தாழ்ந்த வகை. அதே நிலத்தில் வீடுகள் எழுந்தால், அணையில் ஒரு கல்லும் அசையாமலே அது உயர்ந்த வகை.

இந்தியாவிலும் மத்திய நீர் ஆணையம் 2020இல் இத்தகைய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. உடைந்தால் விளையும் உயிர், பொருள், சூழல் இழப்புகளை எடைபோட்டு அணைகளை நான்கு வகையாகப் பிரிப்பது அது. கேள்வி சரியான கேள்வி. அதைக் கேட்கவேண்டிய சட்டக் கடமை உயரம் என்ற வாசலைத் தாண்டியவற்றுக்கு மட்டுமே என்பதுதான் குறை.

*

சேலத்தில் ஏரிகள் புத்துயிர் பெறுவது மகிழ்ச்சியான செய்தி. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010இல் சேலம் மக்கள் குழுவினர் எடுத்துச் சீரமைத்தது தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. உள்ளே மண்திட்டுகள் எழுப்பி மரம் வைத்தார்கள், பறவைகள் வந்தன. பள்ளப்பட்டி ஏரியைப் பொழுதுபோக்கிடமாக்கும் வேலையை மாநகராட்சி சீர்மிகு நகரத் திட்டத்தில் எடுத்துக்கொண்டது. சாக்கடையாகக் கிடந்ததைக் காலையில் மக்கள் நடக்கும் இடமாக மாற்றுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேளிக்கை ஏரியின் தேவை பாசன ஏரியின் தேவைக்கு நேரெதிர். உழவர் தண்ணீரைத் திறந்துவிடவே தேக்குகிறார். தை மாசியில் ஏரி இறங்கும், கரை காயும், விரிசல் தெரியும், எலிவளை தெரியும். படகு விடுபவருக்கு ஏரி ஆண்டு முழுக்க விளிம்புவரை நிற்கவேண்டும். எப்போதும் நிறைந்த ஏரியில் அடுத்த மழைக்கு இடமில்லை. கரையைக் காயவிட்டுப் பார்க்கவும் பொழுதில்லை.

2024 டிசம்பர் முதல் நாட்களில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் இந்தப் பகுதியில் கொட்டித் தீர்த்தது. பழைய சேலம் ஜில்லாவில் இருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிறைந்து வெளியேறிய தண்ணீர் சாலையோரம் நின்றிருந்த வண்டிகளைப் பொம்மைகளைப்போல் உருட்டிச் சென்றதை எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். தண்ணீர் தன் பழைய வழியில் போயிற்று. வழியில் நாம் வண்டிகளை நிறுத்தியிருந்தோம். எந்தப் பதிவேட்டிலும் பெரிய அணை என்று இடம்பெறத் தேவையில்லாத ஏரிதான் அது.

நூறு வருடத்துக்கு முன் ஒரு மலையடிவாரத்து ஏரிக்குக் கீழே இருந்தவை சோளக்காடும் ஆரியக் கொல்லையும். ஏரி அதே ஏரி. கரை அதே கரை. கீழே மனைப்பிரிவுகளும் பள்ளிக்கூடங்களும் வந்துவிட்டன. ஆபத்து கரையில் வளரவில்லை, கரைக்குக் கீழே வளர்ந்தது. ஆகவே வகைப்படுத்துதல் என்பது ஒருமுறை செய்து கோப்பில் கட்டிவைக்கும் வேலையாக இருக்க முடியாது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதே அலுவலகம், அந்த அனுமதியால் மேலேயுள்ள ஏரியின் வகை மாறுகிறதா என்றும் பார்க்கவேண்டியிருக்கிறது. நகரமே ஏரிக்கு உரிமையாளராக இருக்கும் இடத்தில் இது மிக எளிது. இரண்டு கோப்புகளும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன.

ஒரு நகராட்சி ஏரியை மீட்பதாக அறிவிக்கும்போது, படகுத்துறையின் படத்தோடு நான்கு விவரங்களையும் நாம் கேட்கலாம். அஸ்திவாரத்திலிருந்து கரையின் உயரம் எவ்வளவு? கோடி இன்றைய மழைக் கணக்கில் எத்தனை கனமீட்டர் வெள்ளத்தைக் கடத்தும்? கோடியிலிருந்து ஆறு வரையுள்ள வாய்க்காலில் இன்று என்னென்ன நிற்கின்றன? நள்ளிரவில் கரை கசிந்தால் யார், யாரை எழுப்புவார்கள்? இவற்றைக் கேட்கச் சட்டம் உயரத்தைப் பார்க்கலாம்; நாம் பார்க்கவேண்டியதில்லை. உத்திரமேரூர்ச் சபை மீட்டர் கணக்குப் பார்த்து ஏரி வாரியம் அமைக்கவில்லை.

ஏரி கோடி போனால் இந்தப் பக்கத்து ஊர்களில் இன்றும் கொண்டாட்டம் உண்டு. பூத்தூவி, கற்பூரம் காட்டி, கிடா வெட்டி, எல்லோரும் கோடியருகே கூடுவார்கள். நிறைவின் மகிழ்ச்சி அது. கூடவே வேறொன்றும் அங்கே நடந்துவந்திருக்கிறது. கோடி எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் கொல்லை முதலில் நனைகிறது என்பதை ஊரிலுள்ள குழந்தைகூட அன்றைக்குக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது. பனமரத்துப்பட்டி ஏரி மறுபடி நிறைந்து கோடி போகும் நாள் வரவேண்டும். அன்றைக்குக் கூடப்போகும் கூட்டத்தில், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைத்தான் இப்போதே யோசிக்கவேண்டியிருக்கிறது.